சிக்னல் கோளாறு

ஜூன் 9, திங்கள்

டாக்டர் நளினா எழுதச் சொன்னதால் இந்த நோட்டைத் தொடங்குகிறேன். பெயர் நாட்ராயன். வயது நாற்பத்தொன்பது. பொள்ளாச்சியிலிருந்து உடுமலை வழியாகப் பழனி போகும் தனியார் பேருந்தை இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறேன். இதுவரை ஒரு கோழிக்குக்கூடச் சேதம் வந்ததில்லை.

நடந்தது இதுதான். போன வாரம் பழனி பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் அபுதாகிர் எதிரே நின்று தன் மச்சினன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். என் கையிலிருந்த டீ முழுவதும் அவன் காலில் கொட்டியிருக்கிறது. பத்துத் தடவை "அண்ணா, அண்ணா" என்று கூப்பிட்டும் கண்ணைத் திறந்தபடி சும்மா நின்றேனாம். அந்த மச்சினன் கதையைக் கேட்கிற யாருக்கும் அப்படித்தான் ஆகும். ஆனால் அவன் முதலாளியிடம் சொல்லிவிட்டான். முதலாளி என்னைக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார். தலையெல்லாம் வயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். மூளையில் மின்சாரம் தாறுமாறாகப் பாய்கிறதாம். அப்போது பத்துப் பதினைந்து விநாடி நினைவு நின்றுபோகுமாம்.

காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒன்று. மூன்று மாதம் எந்த வண்டியும் தொடக்கூடாது. நினைவு தப்பினால் தேதி, நேரம் போட்டு இதில் எழுத வேண்டும். செப்டம்பர் எட்டாம் தேதி நோட்டோடு வரச் சொல்லியிருக்கிறார்.

எழுத ஒன்றும் இருக்காது. ஒன்பதாம் தேதி பஸ்ஸில் ஏறிவிடுவேன்.

ஜூன் 10, செவ்வாய்

நினைவு தப்பவில்லை. தப்பினால் அது எனக்கே தெரியாதே, பிறகு எப்படி எழுதுவது என்று மனைவி மகுடேஸ்வரியிடம் கேட்டேன். "அப்பறம் நான் எதுக்குங்க இருக்கறேன்?" என்றாள். அவள் பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு பார்க்கிறவள். முந்நூறு பிள்ளைகளை மேய்த்துவிட்டு வந்து என்னையும் மேய்ப்பதாக உத்தேசம் போலிருக்கிறது.

ஜூன் 14, சனி

மிக்ஸியைக் கழற்றி மாட்டினேன். ஒரு ஸ்குரூ மிச்சம். மின்விசிறியைக் கழற்றி மாட்டினேன். இரண்டு ஸ்குரூ மிச்சம். இரண்டும் ஓடுகின்றன. தேவையில்லாமல் ஸ்குரூ வைத்து அனுப்புகிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

குக்கரைக் கையில் எடுத்தபோது மகுடேஸ்வரி வந்துவிட்டாள். "இனி ஒரு சாமானத்தத் தொட்டீங்கன்னா, உங்களக் கழட்டி வெச்சிருவேன்" என்றாள். பிறகு கொல்லைப்புறம் போய் வெகுநேரம் போனில் பேசினாள். யார் என்றேன். ரேஷன் கடை என்றாள். ரேஷன் கடைக்காரரை "முதலாளி" என்று கூப்பிடுவது எனக்குப் புதிய செய்தி.

ஜூன் 19, வியாழன்

முதலாளியின் மகன் கௌசிக் ஜீப்பில் வந்தான். கனடாவில் படித்துவிட்டுத் திரும்பியிருக்கிறான். ஜீப்பிலிருந்து எதையோ இறக்கினான். முதலில் குழந்தைத் தொட்டில் என்று நினைத்தேன். மூன்றடிக்குக் கொஞ்சம் குறைந்த நீளம், நாலு சக்கரம், பன்னிரண்டு கிலோவுக்குமேல், அரைச் சிப்பம் அரிசி கனம்.

"பெட்ரோல்ல ஓடற ரிமோட் காருங்கண்ணா. நெசக் கார்ல அஞ்சுல ஒரு பங்கு சைஸு. ஓடீட்டே இருந்துச்சு, டக்குனு நின்னுருச்சு. அப்பா உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாரு."

"நான் பஸ் ஓட்டறவன் தம்பி. பொம்மைக்கு வைத்தியம் பாக்கறவனில்ல."

"இது அறுபது கிலோமீட்டர் ஸ்பீடு போகுமுங்கண்ணா."

உள்ளே எடுத்து வரச் சொன்னேன்.

ஜூன் 21, சனி

பிரித்துவிட்டேன். பொம்மை என்று சொன்னது தப்பு. உள்ளே இருபத்தாறு சிசியில் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். கார்பரேட்டர் இருக்கிறது, கிளட்ச் இருக்கிறது, டிஸ்க் பிரேக் இருக்கிறது. நாலு பக்கமும் எண்ணெய் ஊற்றிய ஷாக் அப்சார்பர். எங்கள் பஸ்ஸில்கூட நாலும் வேலை செய்ததாக நினைவில்லை.

பிஸ்டன் பூனை பிராண்டியதுபோல் கீறிக் கிடந்தது. கௌசிக்குக்குப் போன் போட்டேன்.

"பெட்ரோல்ல ஆயில் கலந்தீங்களா தம்பி?"

"பெட்ரோல் காருன்னு போட்டிருந்துச்சுங்கண்ணா. அதனால பெட்ரோல் ஊத்துனேன்."

கனடா எவ்வளவு தூரம் என்று மகுடேஸ்வரியிடம் கேட்டேன். அவ்வளவு தூரம் போய்ப் படித்திருக்க வேண்டியதில்லை.

ஜூன் 24, செவ்வாய்

இந்த எஞ்சினும் தென்னந்தோப்பில் களை வெட்டுகிற மெஷினின் எஞ்சினும் பங்காளிகள். பொள்ளாச்சியில் விவசாயக் கருவி விற்கும் கடையில் அளந்து பார்த்தேன். முப்பத்து நாலு மில்லிமீட்டர் பிஸ்டன் அப்படியே உட்காருகிறது. கடைக்காரர் பொட்டலம் கட்டியபடி, "தோப்பு எத்தன ஏக்கருங்க?" என்று கேட்டார். "அஞ்சுல ஒண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். நாற்பத்தொரு தடவை இழுத்தேன். பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். கார்பரேட்டரைத் திருப்பினேன். மறுபடி இருபது தடவை. தோள்பட்டை போய்விட்டது. காய் நறுக்கிக்கொண்டிருந்த மகுடேஸ்வரி, "அதுக்குள்ள பெட்ரோல் இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

அதன்பின் மூன்றாவது இழுப்பில் எஞ்சின் கிளம்பியது. என்ன சத்தம்! இரண்டு தெரு நாய்கள் ஊரைவிட்டே போயின.

ஜூலை 3, வியாழன்

வீட்டுக்குப் பின்னால் விற்காமல் கிடக்கும் மனையிடத்தில் முதல் ஓட்டம். கௌசிக்கும் வந்திருந்தான். ரிமோட் துப்பாக்கி மாதிரி இருக்கிறது. விசையை இழுத்தால் வேகம், முன்னால் தள்ளினால் பிரேக். பக்கவாட்டில் சின்னச் சக்கரம், அதுதான் ஸ்டியரிங். பத்து நிமிடத்தில் கை பழகிவிட்டது.

"சூப்பருங்கண்ணா. ஆனா எதுக்குங்க அங்கங்க நிறுத்தி நிறுத்தி எடுக்கறீங்க?"

நான் கவனிக்கவேயில்லை. வேப்பமரத்தடி, மின்கம்பம், பக்கத்து வீட்டு லூர்துமேரி டீச்சரின் கேட். மூன்று இடத்திலும் நிறுத்தி, ஆள் ஏறுகிற நேரம் விட்டுக் கிளம்பியிருக்கிறேன்.

ஜூலை 6, ஞாயிறு

பார்த்த வேலைகள்: முன் பம்பர் தூள் தூளாகியிருந்தது. பிவிசி குழாயைச் சுடவைத்துத் தட்டையாக்கி வளைத்துப் போட்டேன், உள்ளே டியூப் ரப்பர். காற்று வடிகட்டிக்குப் பழைய மெத்தை ஸ்பாஞ்சை நறுக்கி எண்ணெயில் நனைத்து வைத்தேன். கிளட்ச் அவசரப்பட்டுப் பிடித்தது, கொஞ்சம் கடினமான ஸ்பிரிங் மாற்றினேன். மேல்கூடு நாலு இடத்தில் விரிசல் விட்டிருந்தது, மெல்லிய கம்பியால் தைத்தேன்.

கூட்டுக்கு எங்கள் பஸ்ஸின் சிவப்பும் சந்தனக் கோடும் அடித்தேன். பெயிண்ட் கொஞ்சம் மிஞ்சியதால் முன்கண்ணாடிக்கு மேல் "பழனி" என்று எழுதினேன். மகுடேஸ்வரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். உள்ளே போய்விட்டாள். கண்ணில் வெங்காயம் பட்டிருக்க வேண்டும்.

ஜூலை 12, சனி

இரவு மாத்திரை போட்டால் காலை பத்து மணி வரை கண் சொருகுகிறது. கிளட்சுக்குள் இருக்கும் வளையம் மூன்று மில்லிமீட்டர். சொருகிய கண்ணால் அதை மாட்ட முடியாது. நேற்று அது தெறித்துப் போய் அரிசி டப்பாவில் விழுந்தது. எனவே இரவு மாத்திரை விஷயத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்திருக்கிறேன். மாத்திரையை அட்டையிலிருந்து கணக்காகப் பிரித்துக் கொல்லையில் போட்டுவிடுகிறேன். காலை மாத்திரை போதும். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

சிக்னல் கோளாறு.

மாலை ஐந்தரை இருக்கும். மனையிடத்தில் நான் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தேன். நல்ல வேகம், நேர் பாதை. வேப்பமரத்தைத் தாண்டும்வரை கார் சொன்னபடி கேட்டது. அடுத்து நான் பார்த்தபோது அது லூர்துமேரி டீச்சரின் துணிக்கொடியைக் கடந்து, பூப்போட்ட படுக்கை விரிப்பு ஒன்றைப் போர்த்திக்கொண்டு, பின்னால் மூன்று நாய்களோடு தேங்காய் மட்டைக் குவியலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் என்ன நடந்தது என்று தெரியவில்லை. மட்டைக்குள் பாதி கார் புதைந்துவிட்டது. ரிமோட்டுக்கும் காருக்கும் தொடர்பு அறுந்துபோயிருக்கிறது.

டீச்சர் ஓடி வந்தார். "அந்தக் கொடிக்குக் கீழதான் சார் நான் வாளியோட குனிஞ்சிட்டிருந்தேன். வண்டி வருதுன்னு எத்தன தடவ கத்தறேன்! நீங்க பாட்டுக்குச் சிலையாட்டம் நின்னுட்டிருக்கீங்க!"

எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை என்றேன். வண்டி ஓட்டும்போது எனக்கு எப்போதும் கவனம் அதிகம். விரிப்பைத் துவைத்துத் தருவதாகச் சொன்னேன். ஒரு முன்சக்கரத்தின் தாங்கி வளைந்துவிட்டது.

ஜூலை 21, திங்கள்

காரில் ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரின் பேட்டரியைச் சோதித்தேன். நிறைந்தே இருந்தது. இருந்தாலும் மாற்றினேன்.

ஜூலை 26, சனி

ஸ்டியரிங்கைத் திருப்பும் சின்ன மோட்டாரை மாற்றினேன். பழையதைப் பிரித்துப் பார்த்தேன், பல் ஒன்றும் தேயவில்லை. ஏரியல் வயரையும் மாற்றினேன். அதிலும் குறை தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத குறையாக இருக்கலாம்.

ஆகஸ்ட் 2, சனி

ஸ்விட்ச் மாற்றினேன். வயர்களை மறுபடி பற்றவைத்தேன். இனி மாற்ற ரிசீவர் ஒன்றுதான் பாக்கி. அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். கௌசிக் ஆர்டர் போட்டிருக்கிறான். "நான் ஓட்டறப்ப ஒண்ணும் ஆகலையேங்கண்ணா" என்கிறான். ஆயில் கலக்காதவன் பேச்சை எடுத்துக்கொள்வதற்கில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மகுடேஸ்வரி சாப்பிடக் கூப்பிட்டாளாம், நான் திரும்பவில்லையாம். எஞ்சின் சத்தம் என்றேன்.

"எஞ்சினு கட்டில் மேல கெடக்குதுங்க" என்றாள்.

ஆகஸ்ட் 16, சனி

நாலைந்து நாளாக இரவு மோர் கசக்கிறது. பால்காரரை மாற்றச் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அடுத்த ஞாயிறு கோயம்புத்தூருக்கு வெளியே இந்த மாதிரிக் கார்களுக்குப் பந்தயம். கௌசிக் என் பெயரைக் கொடுத்துவிட்டான். காலை வேளையில் கண் மறுபடி சொருகுகிறது. வயதாகிறது போலிருக்கிறது. ஆனால் கை நடுங்கவில்லை. புது ரிசீவர் இன்னும் வரவில்லை, பழையதோடேயே மனையிடத்தில் நாற்பது சுற்று ஓட்டினேன், சிக்னல் ஒரு தடவைகூடப் போகவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இன்று நடந்ததை முறையாக எழுத வேண்டும்.

ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். நான், மகுடேஸ்வரி, கௌசிக். செம்மண் மேடும் பள்ளமுமாகத் தடம். ஓட்டுகிறவர்கள் நிற்க ஓராள் உயரத்தில் பலகை மேடை. எட்டுக் கார். எல்லாம் பளபளப்பு. நம்முடையதைப் பார்த்து, "பழனி எப்பங்க கிளம்பும்?" என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். மகுடேஸ்வரி தயிர்சாதத் தூக்கோடு கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். அங்கே குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். கயிறுதான். வேறு தடுப்பு இல்லை. தடத்துக்கும் அவர்களுக்கும் பத்தடி இருக்கும்.

பந்தயத்தை நடத்துகிறவர் பெனடிக்ட். தொப்பி போட்ட, அதிகம் பேசாத ஆள். ஒவ்வொரு காரையும் சோதித்துத்தான் உள்ளே விடுவார். நம் காரை மேசையில் தூக்கி வைத்து, பின்சக்கரம் காற்றில் சுற்ற எஞ்சினை முறுக்கினார். திடீரென்று ரிமோட்டை அணைத்தார். எஞ்சின் அடங்கியது. சக்கரம் டக்கென்று நின்றது.

"ஓகேங்க. சிக்னல் போச்சுன்னா தானா பிரேக் புடிச்சுக்குது. இது இல்லாத வண்டிய நாங்க விடறதில்லீங்க."

"இது இப்ப நீங்க வெச்சதுங்களா?" என்றேன்.

"இல்லீங்கண்ணா. ரிசீவருக்குள்ளயே கம்பெனில செட் பண்ணி வெச்சிருக்காங்க. ஆரம்பத்துல இருந்தே இருக்கும்."

"அப்ப... சிக்னல் கட் ஆகி வண்டி பாட்டுக்கு நூறடி ஓடறதுக்கு வாய்ப்பிருக்குதுங்களா? அதுவும் வேகம் கொறையாம?"

அவர் யோசித்தார். "ரிசீவர் பேட்டரி செத்திருந்தா ஓடும்."

"பேட்டரி ஃபுல்லா இருந்துச்சுங்க."

"அப்ப சிக்னல் போகலீங்கண்ணா. யாரோ விசைய இழுத்துப் புடிச்சிட்டே இருந்திருக்காங்க." அடுத்த காரை எடுத்து மேசையில் வைத்தார். "உங்க வண்டில ஒரு கோளாறும் இல்ல."

சாப்பிடவில்லை. பசிக்கவில்லை.

பதினொன்றரைக்கு எங்கள் முறை. மேடையில் ஏறினேன். எட்டு எஞ்சினும் சேர்ந்து காதைப் பிளந்தன. நேர் எதிரே கயிற்றுக்குப் பின்னால் ஒருத்தி மடியில் குழந்தையை வைத்துக் கட்லெட் ஊட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மகுடேஸ்வரி, காலை நீட்டி உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். டீச்சர் கொடிக்குக் கீழே வாளியோடு குனிந்திருந்ததாகச் சொன்னார். அரைச் சிப்பம் கனம். அறுபது கிலோமீட்டர்.

இறங்கிவிட்டேன்.

"ஏனுங்கண்ணா?" கௌசிக் ஓடி வந்தான்.

"நீங்க ஓட்டுங்க தம்பி."

"இத்தன நாள் இதுக்குத்தானுங்க... பயமா இருக்குதுங்களா?"

"ஆமா" என்றேன். இருபத்திரண்டு வருடத்தில் ஸ்டியரிங் விஷயத்தில் இந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. சொல்வது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

கௌசிக் ஓட்டினான். முதல் சுற்றில் மூன்றாவதாக வந்தான். இரண்டாவது சுற்றில் மேட்டிலிருந்து பறந்து, காற்றிலேயே இரண்டு தடவை புரண்டு, மல்லாக்க விழுந்தான், அதாவது கார் விழுந்தது. ஒலிபெருக்கிக்காரர், "பழனி வண்டி கவுந்துருச்சு, பயணிகள் பத்திரமா இறங்கிக்குங்க" என்றார். மைதானமே சிரித்தது. மகுடேஸ்வரியும் சிரித்தாள்.

திரும்பும்போது கௌசிக் முன்னால் ஜீப்பை ஓட்ட, நாங்கள் இருவரும் பின்னால். அவளிடம் இரண்டு விஷயத்தையும் சொன்னேன். இரவு மாத்திரையை. படுக்கை விரிப்பை.

"தெரியுமுங்க" என்றாள்.

"எப்படி?"

"செம்பருத்திச் செடிக்கடியில இருபது மாத்திர கெடந்தா தெரியாதுங்களா? டீச்சரும் சொல்லுச்சு. அதுக்கப்பறம் ராத்திரி மாத்திரைய மோருல கரச்சுத்தான் குடுத்தேன். மூணு வாரமா ஒண்ணும் வரல உங்களுக்கு."

"அப்ப பால்காரர்?"

"அவரு மேல பாவத்தப் போடாதீங்க."

கொஞ்ச தூரம் போனதும், "ஏன் என்னக் கேக்கல?" என்றேன்.

"எட்டாம் தேதி வரைக்கும் பாக்கலாம்னு இருந்தேன். நீங்களாச் சொல்லலீன்னா டாக்டர்ட்ட நான் சொல்லியிருப்பேன். நீங்களாச் சொன்னா நல்லாருக்கும்னு இருந்துச்சு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்தத் தடவை வெங்காயம் ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 1, திங்கள்

ஜூலை 20, மாலை 5.30, சில விநாடி. ஆகஸ்ட் 10, மதியம், எவ்வளவு நேரம் என்று மனைவிக்குத்தான் தெரியும். இரண்டையும் முன்பே எழுதியிருக்க வேண்டும்.

செப்டம்பர் 8, திங்கள்

டாக்டர் அம்மா நோட்டை முழுவதும் படித்தார். நடுவில் இரண்டு இடத்தில் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அரிசி டப்பா ஒன்று, மற்றது பெட்ரோல் என்று நினைக்கிறேன். மாத்திரைப் பக்கம் வந்ததும் சிரிப்பு போய்விட்டது.

"உங்க பஸ்ல எத்தன பேர் போவாங்க நாட்ராயன்?"

"உக்காந்து ஐம்பத்தஞ்சுங்க. கிருத்திகைக்கு நூறு தாண்டும்."

நான் சொன்னதே எனக்குக் கேட்டது.

மாத்திரை ஒழுங்காகப் போட்டால் அடங்கிவிடும் என்றார். இரண்டு மூன்று வருடம் ஒன்றும் வராவிட்டால் சொந்த டூவீலர் பற்றி யோசிக்கலாமாம். பஸ் இனி வேண்டாம். எனக்காக இல்லாவிட்டாலும் அந்த நூறு பேருக்காக வேண்டாம் என்றார்.

சரிங்க என்றேன். வெளியே வந்து பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். மகுடேஸ்வரி போய் டீ வாங்கி வந்து, அவள் கையிலேயே பிடித்துக்கொண்டு ஆற்றிக் கொடுத்தாள்.

செப்டம்பர் 10, புதன்

முதலாளியிடம் போய் நானே சொன்னேன். அவர் மேசையில் இருந்த சாவிக்கொத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, ஷெட்டில் பதினோரு வண்டி நிற்கிறது, ஒன்றுக்குக்கூட ஷாக் அப்சார்பர் சரியில்லை, பொம்மைக் காருக்குக் காட்டின அக்கறையில் பாதியை அங்கே காட்ட முடியுமா என்று கேட்டார். அடுத்த திங்கள் முதல் வரச் சொன்னார்.

அபுதாகிர் ஷெட் வாசலில் நின்றிருந்தான். மச்சினனுக்கு இரண்டாவது கல்யாணமாம். முழுக் கதையையும் கேட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

புரண்ட காரைச் சரிபண்ணி முடித்தேன். பின் அச்சு புதிது, மேல்கூட்டில் இன்னும் ஏழு தையல். கௌசிக் காரை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டான். மாலையில் மனையிடத்துக்குக் கொண்டுபோய்க் கிளப்பினேன். ஓட்டிப் பார்க்காமல் ரிப்பேர் முடிந்ததாகச் சொல்ல முடியாது. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மகுடேஸ்வரி செருப்பை உதறிவிட்டு வந்தாள். "குடுங்க இப்படி. இதுல எது ஆக்சிலேட்டரு?"

காட்டினேன். மெதுவாக இழுக்கச் சொன்னேன். அவள் ஒரே இழுப்பு. புழுதி கிளம்பி கார் கண்ணிலிருந்து மறைந்தது. முந்தானையைச் செருகிக்கொண்டு அவளும் பின்னாலேயே நாலடி ஓடினாள். வேப்பமரத்தடியில் நிற்கவில்லை. மின்கம்பத்தில் நிற்கவில்லை. லூர்துமேரி டீச்சர் மொட்டை மாடியில் பத்திரமாக நின்றுகொண்டு கைதட்டினார். திருப்பத்தில் கார் இரண்டு சக்கரத்தில் போனது. மகுடேஸ்வரி சத்தம் போட்டுச் சிரித்தாள். இருபத்து நாலு வருடமாக அவளோடு வாழ்கிறேன், இந்தச் சிரிப்பை எங்கே வைத்திருந்தாள் என்று தெரியவில்லை.

புல்லில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நிமிடம் இருந்திருப்பேன். அதற்குமேல் முடியவில்லை. "பிரேக்கு, அம்மிணி, பிரேக்கு!" என்று கத்திவிட்டேன்.

அவள் பிடிக்கவில்லை.